செய்தியை எடுக்கச் சொல்லி போன் வந்தால்: புதிய செய்தியாளர்களுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

ஒரு தாலுகா ஊரில் நிருபராகச் சேர்ந்த மூன்றாவது மாதம் எனக்கு அந்த போன் வந்தது. ஏரிக்கரை ஆக்கிரமிப்பைப் பற்றி முந்தைய நாள் எழுதியிருந்தேன். பேசியவர் ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொல்லவில்லை. "மறுப்புப் போடுங்கள். இனிமேல் இதைப் பற்றி எழுதினால் கேஸ்தான்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து மேசையில் இருந்த மூத்த நிருபர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார்: "எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேள்." கேட்டேன். கடிதம் வரவில்லை. அந்த போனும் திரும்ப வரவில்லை.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் உச்ச நீதிமன்றத்தின் எழுபத்தைந்து ஆண்டுத் தீர்ப்புகள் வரிசையாக நிற்கின்றன என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாளே தெரிந்திருந்தால் அன்று கை நடுங்கியிருக்காது. பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்தவர்களும், சொந்தமாகச் சிற்றிதழோ யூடியூப் செய்தி சேனலோ நடத்துபவர்களும், ஊர்ப் பிரச்சினையை முகநூலில் எழுதத் தொடங்கியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதை, தேவைப்படும் வரிசையிலேயே சொல்கிறேன். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று ஆகாது. வழக்கறிஞரிடம் போய் உட்கார்ந்தவுடன் என்ன கேட்க வேண்டும் என்பதை இது சொல்லும்.

முதல் படி: இரண்டு பத்திகளை நீங்களே படியுங்கள்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை எடுத்து 19-வது பிரிவைத் திறந்தால் "பத்திரிகைச் சுதந்திரம்" என்ற சொல்லே அங்கே கிடையாது. புதியவர்கள் பலர் இதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். 19(1)(ஏ) சொல்வது இவ்வளவுதான்: குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் உண்டு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வி எழுந்தபோது, பத்திரிகை ஆசிரியரும் ஒரு குடிமகன்தான், அவர் எழுதும்போது தன்னுடைய கருத்துரிமையைத்தான் பயன்படுத்துகிறார், அதற்குத் தனியாக ஒரு பிரிவு வேண்டியதில்லை என்று அம்பேத்கர் விளக்கினார். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கிலும் பத்திரிகைச் சுதந்திரம் 19(1)(ஏ)-வுக்குள் அடக்கம் என்று உறுதிசெய்துவிட்டது.

இதனால் நடைமுறையில் என்ன? உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை உங்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. அங்கீகார அட்டை இல்லாத பகுதிநேர நிருபருக்கும், சொந்தமாக வீடியோ எடுத்துப் போடும் கல்லூரி மாணவிக்கும், பெரிய நாளிதழின் ஆசிரியருக்கும் இருப்பது ஒரே உரிமை. "நீ அங்கீகரிக்கப்பட்ட பத்திரிகையாளரா?" என்று யாராவது அதட்டினால், அந்தக் கேள்வி பேட்டிக்கான இருக்கைக்கும் பஸ் பாஸுக்கும் பொருந்தலாம். எழுதும் உரிமைக்குப் பொருந்தாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொதுமக்களுக்குப் பொருந்தும் அவதூறுச் சட்டம் பத்திரிகையாளருக்கும் அப்படியே பொருந்தும், தனிச் சலுகை கிடையாது.

அடுத்து 19(2). அரசு எந்தெந்தக் காரணங்களுக்காக இந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். எட்டே எட்டுதான். இந்தப் பட்டியலை ஒரு சிறு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருப்பதைவிட இல்லாததை நன்றாகக் கவனிக்க வேண்டும். "அரசுக்குக் கெட்ட பெயர்" அதில் இல்லை. "பொதுநலன்" என்ற சொல்லும் இல்லை. தொழில் செய்யும் உரிமையைப் பொதுநலனுக்காகக் கட்டுப்படுத்தலாம், பேச்சுரிமையை அப்படிச் செய்ய முடியாது.

இதை நீதிமன்றம் நிலைநாட்டியது 1961-இல், சகால் வழக்கில். ஒரு நாளிதழ் இத்தனை பக்கம் போட்டால் இவ்வளவு விலை வைக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. சிறு பத்திரிகைகளைக் காப்பாற்றத்தான் என்பது அரசின் வாதம். புனேயில் இருந்து வந்த மராத்தி நாளிதழ் 'சகால்' எதிர்த்துப் போனது. விலையை ஏற்றினால் வாசகர் குறைவார்கள், பக்கத்தைக் குறைத்தால் செய்தி குறையும், இரண்டுமே பேச்சுரிமையில் கைவைப்பதுதான் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பதினொரு ஆண்டு கழித்து, 1972-இல், நாளிதழ்கள் பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்ற அச்சுக் காகிதக் கொள்கையும் பென்னட் கோல்மன் வழக்கில் இதே வழியில் விழுந்தது. காகிதம், விலை, விநியோகம் என்று எந்த வாசல் வழியாக வந்தாலும், போய்ச் சேரும் இடம் செய்திதான் என்றால் 19(1)(ஏ) குறுக்கே நிற்கும்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகளைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்

யார் தடுத்தாலும் இந்த மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். இந்தத் தடை எந்தச் சட்டத்தின்படி? அந்தச் சட்டம் 19(2)-இல் உள்ள எந்தக் காரணத்தில் நிற்கிறது? தடுக்க நினைக்கும் தீங்கின் அளவுக்குப் பொருத்தமான தடையா, இல்லை கொசுவுக்குக் கோடரியா?

முதல் கேள்வியிலேயே பாதி மிரட்டல்கள் முடிந்துவிடும். அதிகாரியின் வாய்மொழி உத்தரவு சட்டம் ஆகாது. சுற்றறிக்கை மட்டும் வைத்துக்கொண்டு அடிப்படை உரிமையைப் பறிக்கவும் முடியாது.

இரண்டாவது கேள்வியின் வரலாறு நம் ஊரிலிருந்தே தொடங்குகிறது. 1950-இல் மதராஸ் மாகாண அரசு, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. காரணமாக "பொதுப் பாதுகாப்பு" சொல்லப்பட்டது. தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் மதராஸில் வழக்கறிஞராக இருந்து உயர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. இதழை அச்சடிக்க விட்டுவிட்டு ஊருக்குள் வரவிடாமல் தடுத்தால் கருத்துரிமைக்குப் பொருளே இல்லை என்றார். "பொதுப் பாதுகாப்பு" என்ற சொல் மிக அகலமானது, அன்றைய 19(2)-இல் இருந்த "அரசின் பாதுகாப்பு" மிகக் குறுகலானது, ஆகவே சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து பொது ஒழுங்கு, வெளிநாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் மூன்றையும் பட்டியலில் சேர்த்தது. கூடவே, கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லும் உள்ளே வந்தது. இன்று நாம் கேட்கும் மூன்றாவது கேள்வி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு உதவும் இரண்டு தீர்ப்புகளை மட்டும் நினைவில் வையுங்கள். 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படம் பற்றிய ரங்கராஜன் வழக்கில், வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்த பொறியைப் போல ஆபத்து உடனடியாகவும் நேரடியாகவும் இருந்தால்தான் தடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். போராட்டம் வரும், ஊர்வலம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் எரிச்சலூட்டும் இணையப் பதிவுக்கெல்லாம் சிறை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது, ஒரு கருத்தை விவாதிப்பது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு என்று கோடு கிழித்தது. முதல் இரண்டுக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு, எவ்வளவு கசப்பான கருத்தாக இருந்தாலும். 66ஏ இன்று உயிரோடு இல்லை. யாராவது அந்தப் பிரிவைச் சொல்லி மிரட்டினால் தேதியோடு இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வெளியிடுவதற்கு முன்பே உங்கள் வழக்கைத் தயார் செய்யுங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். அரசியலமைப்புப் பாதுகாப்பு என்பது நீதிமன்றத்தில் பேசும்போது கிடைப்பது. அங்கே போய் நிற்கும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பெரிய செய்திக்கும் ஒரு கோப்பு வையுங்கள். ஆவணங்களின் நகல், பேட்டியின் ஒலிப்பதிவு, குறிப்பேட்டின் தேதியிட்ட பக்கங்கள், குற்றம்சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய செய்தியும் அது போய்ச் சேர்ந்த நேரமும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். போனில் கேட்டேன், எடுக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்வதைவிட, மாலை 4.10-க்கு அனுப்பிய கேள்வியைக் காட்டுவது பத்து மடங்கு வலிமையானது. அரசு ஆவணம் என்றால் முடிந்தவரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். 30 நாள் காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நகலை யாரும் "போலி" என்று சொல்ல முடியாது.

இப்போது அவதூறு. இது இரண்டு வழியில் வரும். சிவில் வழக்கில் இழப்பீடு கேட்பார்கள், செய்தி வெளியான ஓராண்டுக்குள் போட வேண்டும். குற்றவியல் வழக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்கீழ் வரும், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. குற்றவியல் அவதூறே கூடாது என்று தொடரப்பட்ட வழக்கை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை; எழுதியதற்காக ஒருவர் சிறைக்குப் போகலாம் என்ற நிலை பேச்சுரிமையின் அடித்தளத்தையே அரிக்கிறது. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் தயாராக வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். குற்றவியல் வழக்கில் உண்மை என்பதோடு, பொது நன்மைக்காக வெளியிட்டேன் என்பதையும் காட்ட வேண்டும். அதனால் செய்திக்குள்ளேயே அது ஏன் பொதுமக்களுக்கு முக்கியம் என்பது தெரியும்படி எழுதுங்கள்.

அதிகாரிகளைப் பற்றி எழுதும்போது உங்களுக்குப் பெரிய துணை, 1994-இன் ராஜகோபால் வழக்கு. தமிழ்ப் பத்திரிகையாளர் ஒவ்வொருவரும் இதை முழுதாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் தன் கதையை எழுதி, அதை நக்கீரன் வெளியிடப்போவதாக அறிவித்தது. காவல்துறை, ஆட்சிப் பணி அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்புகளை அவர் அதில் எழுதியிருந்தார் என்பதுதான் பரபரப்பு. சிறைத்துறைத் தலைவரிடமிருந்து நக்கீரனுக்குக் கடிதம் வந்தது: இது பொய், வெளியிட்டால் நடவடிக்கை. ஆசிரியர் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு சொன்னவை இவை. தங்களைப் பற்றி அவதூறாக வரப்போகிறது என்று அஞ்சி, வெளியாவதற்கு முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ எந்தச் சட்டத்திலும் இல்லை. வெளியான பிறகு வழக்குப் போடலாம். நீதிமன்றப் பதிவு உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை யாருடைய அனுமதியும் இல்லாமல் வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம், குழந்தைகள் போன்ற அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பு உங்களுடையது. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்கே போட முடியாது. அதிகாரி தன் அரசுப் பணி சார்ந்த செயலைப் பற்றிய செய்திக்கு இழப்பீடு கேட்டால், செய்தி பொய் என்று காட்டுவது மட்டும் போதாது, உண்மை எது என்று கவலையே படாமல் அலட்சியமாக வெளியிட்டார்கள் என்றும் நிரூபிக்க வேண்டும்.

கடைசி வாக்கியத்தை மறுபடி படியுங்கள். நியாயமாக விசாரித்தேன் என்று காட்ட முடிந்தால், சிறு பிழை இருந்தாலும் நீங்கள் தப்பலாம். மேலே சொன்ன கோப்பு இதற்குத்தான்.

சில இடங்களில் மட்டும் விவாதத்துக்கே வழியில்லை, கை வைக்காதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயர், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கில் குழந்தையின் அடையாளம், குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் அடையாளம். பெயர் போடாமல் பள்ளியின் பெயரையும் தெருவையும் போடுவதும் அடையாளம் காட்டுவதுதான். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

நீதிமன்றச் செய்தி எழுதும்போது நடந்ததைத் துல்லியமாக எழுதினால் அவமதிப்பு ஆகாது, தீர்ப்பு வந்த பிறகு அதை நியாயமாக விமர்சிக்கவும் 1971-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிப்பது மட்டும் வேறு கணக்கு.

சட்டமன்றச் செய்தியில் கூடுதல் கவனம் தேவை. அரசியலமைப்பின் 361ஏ பிரிவு, அவை நடவடிக்கைகளைப் பெருமளவு உண்மையாகவும் கெட்ட நோக்கமின்றியும் வெளியிடுவோருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நெருக்கடி நிலைக்குப் பின் 1978-இல் 44-வது திருத்தம் தந்த நன்மை இது. ஆனால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்களை வெளியிட்டால் உரிமை மீறல் வரும். உரிமை மீறலில் போலீஸ் வேண்டாம், விசாரணை நீதிமன்றம் வேண்டாம், அவையே தண்டிக்கும். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பிச் சில நாள்களிலேயே விடுதலை ஆனார். பிறகு வழக்குப் போட்டு வென்று 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். 2003 நவம்பரில் 'தி இந்து' ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் அதே சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தபோது, மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கைதை நிறுத்தியது. அவையின் சிறப்புரிமைகள் இன்றுவரை ஒரு சட்டமாகத் தொகுத்து எழுதப்படவில்லை. எல்லை எங்கே என்று தெரியாத வேலியைப் போல அது நிற்பது இந்தத் துறையின் பெரிய குறை.

நான்காம் படி: வந்திருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள்

வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பின் கடிதம். அதில் எவ்வளவு கோடி கேட்டிருந்தாலும் அது நீதிமன்ற உத்தரவு ஆகாது. பயந்து செய்தியை எடுத்துவிடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பெற்ற தேதியை எழுதி வைத்து வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். உண்மையாகவே பிழை இருந்தால் தாமதிக்காமல் திருத்தம் வெளியிடுங்கள். திருத்தம் போடுவது தோல்வி என்று நினைக்கும் பழக்கம் நம் செய்தி அறைகளில் இருக்கிறது. நல்லெண்ணத்துக்கு அதைவிடச் சிறந்த சாட்சியை நான் பார்த்ததில்லை.

நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தால் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும், எவ்வளவு தவறான உத்தரவாகத் தோன்றினாலும். எடுத்துவிட்டு அதை எதிர்த்துப் போங்கள். 2024 மார்ச்சில் புளூம்பெர்க் வழக்கில், முழு விசாரணைக்கு முன்பே கட்டுரைகளுக்கு இயந்திரத்தனமாகத் தடை விதிக்கக் கூடாது, அப்படிச் செய்வது விசாரணை தொடங்கும் முன்பே செய்திக்கு மரண தண்டனை கொடுப்பது போன்றது என்று உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களை எச்சரித்தது. உங்கள் வழக்கறிஞர் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லட்டும்.

இணைய சேவையை முடக்கினால் என்ன செய்வது என்று வெளியூர் நிருபர்கள் கேட்கிறார்கள். காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரியில் வந்த தீர்ப்பின்படி, முடக்க உத்தரவை அரசு வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது. உத்தரவின் நகலைக் கேளுங்கள். நகல் இருந்தால்தான் எதிர்க்க முடியும்.

ஐந்தாம் படி: காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்

போனில் "கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள்" என்று சொன்னால், மரியாதையாக, எழுத்தில் சம்மன் அனுப்பும்படி கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியமில்லாதபோது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ் நோட்டீஸ் தந்து விசாரிக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். அதற்குக் கீழ்ப்படிந்து நடப்பதுதான் உங்களைக் கைதிலிருந்து காக்கும். கூடவே ஒரு வழக்கறிஞரை அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் எழுதியதற்காகவே முதல் தகவல் அறிக்கை போடுகிறார்கள் என்றால், இன்னொரு பிடி இருக்கிறது. மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், முதல்நோக்கில் வழக்குக்கு இடமிருக்கிறதா என்று 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்ய அதே சன்ஹிதாவின் 173(3) பிரிவு வழி தருகிறது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் இதைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எதைக் கேட்டாலும் புண்படுகிறவர்களின் அளவுகோலால் எழுத்தை அளக்கக் கூடாது, திடமான மனமுள்ள நியாயமான மனிதர்களின் அளவுகோல் வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

செல்போனைக் கேட்டால்? உங்கள் தகவலாளரின் உயிரே அதற்குள் இருக்கலாம். நேராகச் சொல்ல வேண்டியது: செய்தி ஆதாரத்தை வெளியிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற முழுமையான சட்டம் இந்தியாவில் இல்லை. பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு அந்தப் பாதுகாப்பைக் கவுன்சிலின் நடவடிக்கைகளுக்கு மட்டுமே தருகிறது. ஆதாரங்களைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை என்று 2021 அக்டோபரில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது வழக்காடப் பயன்படும், ஆனால் போலீஸ் உங்கள் வாசலில் நிற்கும்போது போனைப் பூட்டாது. ஆகவே தகவலாளரின் பெயரை அவருடைய உண்மைப் பெயரில் போனில் சேமிக்காதீர்கள். ஆவணம் வந்ததும் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட்டு உரையாடலை நீக்குங்கள். இதை அன்றாட வழக்கமாகச் செய்ய வேண்டும். சம்மன் வந்த பிறகு நீக்கினால் அது சாட்சியத்தை அழித்த குற்றம்.

கைப்பற்றினால், என்ன எடுத்தார்கள் என்று எழுதும் மகஜரின் நகல் இல்லாமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். எந்தக் கருவி, எந்த எண், எந்த நேரம் என்பவை அதில் இருக்க வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 105-வது பிரிவு சொல்கிறது, "பதிவு நடக்கிறதா?" என்று கேளுங்கள். 2025 பிப்ரவரியில், ஒரு முதல் தகவல் அறிக்கை கசிந்த விவகாரத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழு எடுத்துச் சென்ற செய்தியாளர்களின் செல்போன்களைத் திருப்பித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மகஜர் நகலும் உடனே நீதிமன்றத்தை அணுகும் வேகமும் இருந்தால் இது நடக்கும்.

ஆறாம் படி: கைது

அரசியலமைப்பின் 22-வது பிரிவு உங்களுக்கு மூன்றைத் தருகிறது: கைதுக்கான காரணத்தை அறிவது, விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுவது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நியூஸ்கிளிக் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவை யுஏபிஏ எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்தபோது காரணங்களை எழுத்தில் தரவில்லை என்பதாலேயே, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கைதே செல்லாது என்று கூறி அவரை விடுவிக்க உத்தரவிட்டது. எவ்வளவு கடுமையான சட்டமாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பலர் வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். 2018 அக்டோபரில் ஆளுநர் தொடர்பான செய்திக்காக நக்கீரன் கோபால் கைதானபோது, எழும்பூர் மாஜிஸ்திரேட் அவரைக் காவலில் வைக்க மறுத்து விடுவித்தார். பத்திரிகையாளர்கள் சார்பில் என். ராம் அந்த நீதிமன்றத்தில் பேசினார். ஆளுநரைத் தாக்குவது பற்றிய ஒரு பிரிவை எழுத்துக்குப் பயன்படுத்தியது எவ்வளவு பொருந்தாதது என்பதை முதல் நாளிலேயே எடுத்துச் சொன்னதால் அது நடந்தது. ஆகவே உங்கள் வழக்கறிஞர் ஜாமீன் மனுவோடு நிறுத்தாமல், காவலே கூடாது என்றும் வாதாட வேண்டும்.

ஏழாம் படி: உயர் நீதிமன்றத்துக்கு

அடிப்படை உரிமைக்காக அரசியலமைப்பின் 32-வது பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம், தாப்பர் போனார். ஆனால் தாலுகா நிருபருக்கு எட்டும் கதவு உயர் நீதிமன்றம்தான். தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை. அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு (உரிமையைக் காக்க உத்தரவு கேட்கும் மனு), பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவில் வழக்கை ரத்து செய்யும் மனு, அதன் 482-இல் முன்ஜாமீன். ஒரே செய்திக்காகப் பல ஊர்களில் அடுத்தடுத்து முதல் தகவல் அறிக்கை போட்டிருந்தால், ஒரே சம்பவத்துக்கு மறுபடி மறுபடி அப்படிப் போடக் கூடாது என்ற 2001-இன் டி.டி. ஆண்டனி தீர்ப்பையும் 2020-இன் அர்னாப் கோஸ்வாமி தீர்ப்பையும் காட்டுங்கள்.

அரசே தன் வழக்கறிஞர் மூலம் அமைச்சர்களுக்காகப் போடும் அவதூறு வழக்குகள் தமிழ்நாட்டில் நீண்ட காலம் ஆயுதமாக இருந்தன. 2020 மே மாதம் என். ராம் உள்ளிட்டோர் தொடுத்த மனுக்களில் நீதிபதி அப்துல் குத்தூஸ் அத்தகைய வழக்குகளை மொத்தமாக ரத்து செய்தார். அரசு வழக்கறிஞர் தபால்காரரைப் போல நடந்துகொள்ளக் கூடாது, தன் மனதைச் செலுத்தி வழக்குக்கு இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும், விமர்சனத்தைத் தாங்கும் பொறுமை அரசுக்கு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் மீது அப்படி ஒரு வழக்கு வந்தால் உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இன்னும் ஒன்று, சிற்றிதழ் நடத்துவோருக்கு. 2024 மார்ச் முதல் பழைய 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது, இணையம் வழியாகவே பதிவு செய்யலாம். ஆசிரியர், வெளியீட்டாளர் என்று யார் பெயரைக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். 1908-இல் பாரதியார் எழுதிய 'இந்தியா' இதழ் மீது ஆங்கில அரசு பாய்ந்தபோது சிறைக்குப் போனவர், காகிதத்தில் பொறுப்பாளராகப் பெயர் இருந்த சீனிவாசன். நண்பர் கேட்டார் என்பதற்காக, என்ன அச்சாகிறது என்று பார்க்க முடியாத இதழுக்கு உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். புதிதாகச் சேரும் இளைஞரின் பெயரை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் நிற்கவும் செய்யாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் கைது, ஜாமீன் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரை இப்போதே போய்ப் பார்த்து அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். அவருடைய எண்ணையும், வீட்டில் ஒருவரின் எண்ணையும், அலுவலகத்தில் இரவிலும் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணையும் அந்த எட்டுக் காரணங்களை எழுதிய காகிதத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள். போனைத்தான் முதலில் வாங்கிக்கொள்வார்கள்.